பாட்டில்லாத கப்பல்

பஸ்ரா, பேரீச்சைத் துறை
25 செப்டம்பர் 1946

குவைத் நகரத்தாருக்கும், அதைச் சுற்றியுள்ள மணல், ஒட்டகம், ஆடு அனைத்துக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை, ‘மஸ்ரூர்’ கப்பலின் மேல்தளத்தில், முப்பது மாலுமிகள் சாட்சியாக, மிஷாரி என்னும் பதினைந்து வயது வீரனின் மேலுதட்டில் ஒரு முடி முளைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நீளம், அரை அரிசி. நிறம், கறுப்பு. இரண்டாவது முடி வழியில் இருப்பதாகத் தகவல்.

முனீரா அக்கா, இனிமேல்தான் ஸலாம். நீயும் உம்மாவும் உன் வயிற்றில் இருக்கிற ஆளும் சுகம்தானே? நாங்கள் சுகம். கப்பல் முழுக்கப் பேரீச்சை. சம்பளம் கேட்காத ஈக்கள் ஆயிரம் பேர் எங்களோடு ஆப்பிரிக்கா வருகிறார்கள். என் பதவி, சமையல்காரர் ஜவ்ஹருக்குத் துணை. அதாவது பானை கழுவுவது. இது தற்காலிகம்.

நீ மச்சானை இங்கே பார்க்கணும். வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று உன்னைக் கேட்கிற அதே மர்ஸூக், இங்கே ராஜா. நாகுதா துவைனி “பாயை ஏத்துங்கடா” என்பார். அத்தோடு கப்பல் தலைவர் வேலை முடிந்தது. பிறகு மச்சான் பாடினால்தான் ஒரு கை அசையும். ஏற்றப் பாட்டு ஏழு அடி. அடிக்கு ஓர் இழுப்பு. ஏழாவது அடியில் பாயைத் தாங்குகிற பருமல் கட்டை உச்சிக்குப் போய்விடும். மாலுமிகளின் மேஸ்திரியான தண்டல் வடத்தைத் தறிக்கட்டையில் சுற்றிக் கட்டுவார். அப்புறம் மச்சான் நீளமாக ஒரு விடுகுரல் கொடுப்பார். அது கேட்டதும் முப்பது பேரும் ஒரே மூச்சில் கையை விடணும். பிந்தினவன் விரல் வடத்தோடு போய்விடும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கண்ணுக்கு அந்த நேரத்தில் லீவு, காதுக்குத்தான் வேலை. பாட்டில்லாமல் இங்கே ஒரு பாடும் நடக்காது அக்கா. கடைசி வரி வழக்கம்போல மச்சான் சொன்னது: உனக்கு ஸலாம்.

மீசைக்காரத் தம்பி,
மிஷாரி


குவைத்
8 அக்டோபர் 1946

தம்பி மிஷாரிக்கு அக்காவின் ஸலாம். நாங்கள் நலம். உம்மாவுக்கு முழங்கால் வலி, வழக்கம்போல உன் பேரைச் சொல்லிக்கொண்டே தைலம் தேய்க்கிறாள்.

உன் ஒற்றை முடியை ஊர் முழுக்க அறிவித்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஷரீஃபா, “பேர் வைக்கிற விருந்து எப்போ?” என்று கேட்கிறாள். உங்கள் கப்பலில் இருக்கும் தன் வீட்டுக்காரர் ஃபைரூஸிடம் சொல்லி உன்னைக் கண்காணிக்கச் சொல்கிறாளாம். நம் சுவரில் ரொட்டி கொடுத்து வாங்குகிற துளை வழியாகத்தான் இத்தனை பேச்சும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் படி. கிளம்புகிற அன்று சமையலறையில் உன் மச்சான் குரலில் நீ விடுகுரல் கொடுத்தாய். உம்மா கையிலிருந்த தட்டை விட்டாள். சோறு, மீன், தட்டு, மூன்றும் போயிற்று. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், தப்புதான். அதைக் கப்பலில் செய்யாதே. பார்க்காமல் கேட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஒன்றே ஒன்றைத் தவிர. விடுகுரலின் முடிவிலும் நீ ஒரு விக்கலைச் சேர்க்கிறாய். அவருக்கு அந்த விக்கல் பாட்டு அடிகளில்தான் உண்டு. விடுகுரலில் கிடையாது. “முப்பது பேர் அந்தச் சத்தத்துல தொங்குறாங்க முனீரா, அதுல நான் விக்க மாட்டேன்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் ஒரு கப்பல் பாட்டில்லாமல் துறைக்குள் வந்தது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே சாவு என்றால்தானே பாடாமல் வருவார்கள். கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். யார் வீடு என்று தெரியும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் பாடிக்கொண்டே வாருங்கள். அது போதும் எனக்கு.

முனீரா


ஏடன்
10 நவம்பர் 1946

மேன்மை தங்கிய அக்காவுக்கு ஏடன் வெயிலில் வெந்த ஸலாம். எல்லாரும் சுகம். உம்மாவின் முழங்காலுக்கும் தனியாக ஒரு ஸலாம்.

உன் கடிதம் மஸ்கத்தில் கிடைத்தது. கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. முந்தின நாள்தான், மதியச் சோறு நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மச்சான் குரலில் “வடத்துக்கு வாங்கோ” என்று இழுத்தேன். முப்பது பேரும் சாப்பாட்டை விட்டு ஓடினார்கள். ஃபைரூஸ் அண்ணன் கையில் மீன் தலையோடு ஓடினார். திரும்பி வந்தபோது நல்ல துண்டெல்லாம் என் தட்டில்.

மச்சான் என் காதைப் பிடித்துத் தூக்கினார். ஆனால் சிரித்துக்கொண்டுதான். “டேய், என் குரல் எனக்கு ஒரு கயிறு. அதுல நீ ஊஞ்சல் கட்டாதே.”

“ஒரே ஒரு தடவை மச்சான்.”

“ஒரு தடவைதான் அறும்.”

இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் இதோ. மச்சான் புதுப் பாட்டுக் கட்டுகிறார். யாரைப் பற்றி என்று கேட்டால் பாய்மரத்தைப் பார்க்கிறார். நம் வீட்டுக் கதவு நீலம் என்பது எனக்குத் தெரியாதா?

‘நீலக் கதவில் சாய்ந்து நிற்பவளே,
நீர்விளிம்பு என்னை விழுங்கக் கண்டவளே…’

இவ்வளவுதான் இருக்கிறது. மீதி கடலில் கிடைக்குமாம். கடைசி வரியில் மச்சானின் ஸலாம்.

பணிவுள்ள (காது மட்டும் நீண்ட),
மிஷாரி


குவைத்
30 நவம்பர் 1946

தம்பிக்கு ஸலாம். சுகம். வயிற்றில் இருப்பது உன்னைப்போல் உதைக்கிறது.

அந்த இரண்டு வரியையும் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். ஷரீஃபா எடுத்துப் படித்துவிட்டு, “என் ஆளு எனக்காக ஒரு தும்மல்கூடப் போட்டதில்லையே” என்று புலம்பினாள். மச்சானிடம் சொல்: பாதிக் கதவில் ஒருத்தியை எத்தனை நாள் நிறுத்துவது? மீதியையும் கட்டி அனுப்பச் சொல். நான் கேட்டதாகவே சொல். அவர் பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது சொல்.

மொம்பாசாவில் கிடைக்கும் என்று நினைத்து இதை அங்கே அனுப்புகிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது. இருவரும் மார்பை மூடிக்கொள்ளுங்கள்.

முனீரா


மொம்பாசா
9 ஜனவரி 1947

அன்பு அக்காவுக்கு ஸலாம். சுகம். சுகமே அறிக.

மகத்தான செய்தி. உன் தம்பி இப்போது ‘மஸ்ரூர்’ கப்பலின் பாட்டுக்காரன். ஆமாம், முதன்மைப் பாட்டுக்காரன். பானைகள் அழுகின்றன.

அது எப்படி என்றால், போன வாரம் இங்கிருந்து கிளம்பும்போது பருமல் கொஞ்சம் நழுவியது. காலை மழையில் பாய் நனைந்திருந்தது. ஃபைரூஸ் அண்ணன் காலில் அடி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நடக்கணும் என்று எழுதியிருந்தது, நடந்தது. மச்சானுக்குத் தொண்டை சரியில்லை. இங்கே அவருக்குக் கரையில் ஒரு வேலையும் இருக்கிறது. அதனால் இந்தப் பாரம் என் தோளில். நாகுதாவே கூப்பிட்டுக் கொடுத்தார். நான் பாடினால் பருமல் தானாக ஏறுகிறது, வடம் இழுக்கிறவர்களுக்குச் சும்மா சம்பளம்.

நாளை ஸான்ஸிபார் போகிறோம். அவசரம்.

பாட்டுக்காரன்
மிஷாரி


குவைத்
4 பிப்ரவரி 1947

தம்பிக்கு ஸலாம். உம்மா சுகம். என்னைப் பற்றிப் பிறகு.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். அதில் நீ இருக்கிறாய், பருமல் இருக்கிறது, பானைகூட இருக்கிறது. அவருடைய ஸலாம் இல்லை. நான்கு வருஷத்தில் எந்த ஊரிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரி அவருடையதாக இருக்கும். தொண்டை சரியில்லாதவன் ஸலாம் சொல்ல முடியாதா? பாடத்தானே முடியாது.

கரையில் என்ன வேலை? பாடுவதைத் தவிர அவருக்கு எந்த வேலை தெரியும்?

ஃபைரூஸுக்குக் காலில் அடி என்று ஷரீஃபாவிடம் சொன்னேன். “எந்தக் கால்?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நீ எழுதவில்லை.

முனீரா


மொம்பாசா
22 பிப்ரவரி 1947

கண்ணியத்துக்குரிய முனீரா அவர்களுக்கு, உங்கள் கணவர் மர்ஸூக் சொல்லச் சொல்ல, துறைமுகத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கும் நான் எழுதுவது. ஸலாம். அவர் உடல் நலம். உங்கள் நலத்தைக் கேட்கிறார், இரண்டு தடவை கேட்டார். இனி அவர் சொன்னது சொன்னபடி:

கப்பலிலிருந்து இறங்கிவிட்டேன். காரணம் கேட்காதே. இங்கே மூட்டை தூக்குகிறேன். ஊருக்கு வரும் கப்பல்கள் நாலைந்திடம் கேட்டேன், யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கப்பல்காரர்களுக்குள் பேச்சு வேகமாகப் போகும். ஊருக்கும் வரும். யார் வந்து என்ன சொன்னாலும் நீ வாசலில் நின்று சண்டை போடாதே. கதவைச் சாத்திக்கொள்.

ஷரீஃபாவுக்கு உன்னால் முடிந்த உதவியைச் செய்.

மிஷாரியைத் திட்டி எழுதாதே. சின்னப் பையன். தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல், இஞ்சி போட்டுக் குடிக்கட்டும்.

நீ கேட்ட மீதிப் பாட்டு என்னிடம் இருக்கிறது. அதை எழுதுகிறவரிடம் சொல்ல முடியாது.

(இத்துடன் அவர் எழுந்துவிட்டார். பெருவிரல் ரேகை கீழே.)


ஸான்ஸிபார்
2 மார்ச் 1947

அன்பு அக்காவுக்குக் கிராம்பு வாசனையோடு ஸலாம். சுகம்.

நேரமே இல்லை அக்கா. பாட்டுக்காரன் வாழ்க்கை அப்படி. நேற்று நான் பாடியதைக் கேட்டு நாகுதா தன் சால்வையைக் கழற்றி என் தோளில் போர்த்தினார். பக்கத்துக் கப்பலிலிருந்து ஆள் அனுப்பி, “எங்களுக்கு வர்றியா?” என்று கேட்டார்கள். யோசிக்கிறேன் என்றேன்.

மச்சான் நன்றாக இருப்பார். ஃபைரூஸ் அண்ணனை நீராவிக் கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கால்.

மீசை வளர்கிறது.

மிஷாரி


குவைத்
2 ஏப்ரல் 1947

மிஷாரிக்கு. ஸலாம் கடமை என்பதால் ஸலாம்.

மார்ச் பதினான்காம் தேதி பெண் பிறந்தாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயரைக் காதில் சொல்ல வேண்டியவர் மூட்டை தூக்குகிறார்.

ஃபைரூஸ் வந்துவிட்டார். நீ எழுதிய ‘வலது கால்’ முழங்காலுக்கு மேலேயே முடிந்துபோகிறது. ஊன்றுகோலோடு நம் வாசலில் வந்து நின்றார். கதவைச் சாத்தச் சொல்லியிருந்தார் உன் மச்சான், நான் சாத்தவில்லை.

“உன் புருஷன் குரலை நம்பிக் கையை விட்டேன். பருமல் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே நிக்குது, தண்டல் இன்னும் கட்டவே இல்ல. எல்லாரும் அவன் வாயைப் பார்த்தோம், திறந்துதான் இருந்துச்சு. பத்து வருஷம் அவன் பாட்டுக்கு இழுத்தவன்மா நான்.”

மறுநாள் காலை ரொட்டி கொடுக்கப் போனேன். சுவர்த் துளையை ஷரீஃபா உள்ளிருந்து களிமண் வைத்து அடைத்திருந்தாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு நானே ஊன்றுகோல் சத்தத்தைத் தேடிப் போய் அவரிடம் ஒன்று கேட்டேன். “அந்த விடுகுரல் எப்படி இருந்துச்சு? எனக்குப் பாடிக் காட்ட முடியுமா?” பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் பாடினார். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. முடிவில் விக்கினார்.

நான் வீட்டுக்கு வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பால் கொடுத்து முடியும்வரை எதையும் நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

நீ மஸ்கத்துக்கு வரும்போது இது கிடைக்கும். ஒரே கேள்வி. அன்று காலை நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?

முனீரா


மஸ்கத்
28 ஏப்ரல் 1947

அக்காவுக்கு, குட்டிப் பெண்ணுக்கு, உம்மாவுக்கு ஸலாம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.

அங்கிருந்து ஆட்களின் கைகள் தெரியும், உச்சி தெரியாது. நான் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு முடிந்ததும், மச்சான் விடுகுரல் கொடுக்கும் முன்னால் நான் கொடுத்துவிடுவது, முப்பது பேரும் பொத்தென்று உட்காருவார்கள், மச்சான் திறந்த வாயோடு நிற்பார், எல்லாரும் சிரிப்பார்கள். இதுதான் திட்டம். வேறு எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

ஏழு முடிந்தது. அவர் மூச்சு இழுத்தார். நான் கொடுத்தேன். மரம் இறங்குகிற சத்தம் சிரிப்பைப்போல் இல்லை அக்கா.

அப்புறம் நாகுதா எல்லாரையும் நிறுத்தி மச்சானிடம் கேட்டார். “பருமல் உச்சிக்கு வரவே இல்ல, ஏன்டா விடச் சொன்னே?”

“நான் சொல்லல. பாய் நனைஞ்சு கனமா இருந்தது. இன்னொரு அடி வேணும். எட்டாவது அடிக்குத்தான் மூச்சு எடுத்தேன்.”

“எட்டாவது அடி எங்கேடா இருக்கு அந்தப் பாட்டுல?”

“புதுசா கட்டினது.”

எல்லாரும் கத்தினார்கள். ஒருத்தர் அவர் சட்டையைப் பிடித்தார். “அப்போ அது யாரு குரல்? பேயா?” அந்த நேரத்தில் மச்சான் திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காலடியைப் பார்த்தேன். அவர் சொன்னார், “எனக்கு ஒரு குரல்தான் இருக்கு. நீங்க எல்லாரும் கேட்டீங்க. அப்புறம் நான் என்ன சொல்ல?”

நான் வாயைத் திறந்திருக்கலாம். எத்தனை குரல் வைத்திருக்கிறேன், ஒன்றுகூட வரவில்லை.

நீ கேட்ட மீதிப் பாட்டைத்தான் அவர் ஏற்றப் பாட்டுக்கு எட்டாவது அடியாகக் கட்டியிருந்தார். பாட வாயைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை. நான்தான் அதன் மேல் கத்திவிட்டேன்.

உன் கடிதத்தை இங்கே ஏஜெண்டு கடையில் நின்று படித்தேன். நேராகக் கப்பலுக்குப் போய் நாகுதாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “மச்சானைக் காப்பாத்தக் கதை விடுறியா? போய்ப் பானையைக் கழுவு” என்றார். அதனால் பாடிக் காட்டினேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் குரலில், விக்கலோடு. நங்கூர வடத்தில் நின்ற பத்துப் பேர் கையை எடுத்தார்கள். நல்லவேளை, வடம் கட்டியிருந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. தண்டல் மட்டும் கிட்டே வந்து, என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

நாகுதா மொம்பாசாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஆனால் இந்தப் பருவக் கப்பல்கள் எல்லாம் அங்கிருந்து கிளம்பிவிட்டன. காற்று இனி வருஷக் கடைசியில்தான் அந்தப் பக்கம் திரும்பும். நீராவிக் கப்பலில் அனுப்பச் சொல்லியும் எழுதியிருக்கிறார். மச்சான் வருவாரா, இவர்களோடு இனி ஏறுவாரா, எனக்குத் தெரியாது. குட்டிப் பெண்ணின் காது காத்திருக்கணும்.

ஊர் வந்ததும் முதலில் ஃபைரூஸ் அண்ணன் வாசலுக்குத்தான் போவேன். அப்புறம்தான் வீட்டுக்கு, நீ கதவைத் திறந்தால்.

இன்னும் பாக்கி இருக்கிறது. சால்வை பொய். பக்கத்துக் கப்பல் ஆள் அனுப்பியது பொய். மீசையும் பொய்தான், அது சமையல் அடுப்புக் கரி, மறுநாள் முகம் கழுவியதும் போய்விட்டது. மொம்பாசாவில் நாகுதா எனக்கு ஒரு தடவை பாட வாய்ப்புக் கொடுத்தது மட்டும் உண்மை. மச்சான் குரலில் பாடினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று என் சொந்தக் குரலில் பாடினேன். அப்படி ஒன்று எனக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது அடியிலேயே சிரித்துவிட்டு என்னை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு தண்டல் தகரத்தைத் தட்டுகிறார், அந்தத் தட்டுக்கு இழுக்கிறார்கள்.

மே நடுவில் வந்துவிடுவோம். நீ மற்றப் பெண்களுக்கு முன்னால் கரைக்குப் போய்ச் சொல்லிவிடு. இந்தத் தடவை ‘மஸ்ரூர்’ பாட்டில்லாமல் வரும். யாரும் உட்கார வேண்டாம், யாரும் சாகவில்லை. நான் உனக்கு எழுதிய பாட்டுக்காரன் மிஷாரி இந்தக் கப்பலில் ஒரு நாளும் இருந்ததில்லை அக்கா. பானை கழுவுகிறவன்தான் இருக்கிறான்.

மிஷாரி